விழுந்த செங்கல் ஏன் எழுவதில்லை? செட்டிநாட்டுச் சுவர்களும் காலத்தின் திசையும்

"எல்லாம் என்ட்ரோபிதான் சார்." செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இயற்பியல் கொஞ்சம் படித்தவர்கள் அடிக்கடி உதிர்க்கும் வாக்கியம் இது. கானாடுகாத்தானோ தேவகோட்டையோ, முகப்பு ஓடு சரிந்து, வளவுக்குள் அரச மரம் முளைத்து, தூண்களைக் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு அனுப்பியாகிவிட்ட வீடாக இருந்தால் போதும். ஒழுங்கு குலைந்து ஒழுங்கின்மை கூடும், அதுதான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, அதனால்தான் காலம் ஒரே திசையில் ஓடுகிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஒழுங்கு, ஒழுங்கின்மை என்ற பேச்சு தவறு. கடைசியில் வரும் அந்த "அதனால்தான்" அதைவிடப் பெரிய தவறு. இரண்டாம் விதி காலத்துக்குத் திசை கொடுப்பதில்லை. திசையை வேறொரு இடத்திலிருந்து வாங்கிக்கொண்டுதான் அந்த விதியே நிற்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக இயற்பியலாளர்களும் தத்துவவாதிகளும் சண்டை போடுவது அந்த "வேறொரு இடம்" எது என்பதைப் பற்றித்தான்.

ஒரு செங்கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். எடை 3 கிலோ. மேல்மாடிச் சுவரிலிருந்து பெயர்ந்து 5 மீட்டர் கீழே முற்றத்தில் விழுகிறது. விழும்போது அது சேர்த்துக்கொண்ட ஆற்றல் சுமார் 147 ஜூல். சத்தமாகவும் அதிர்வாகவும் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, அது தரையிலும் கல்லிலும் காற்றிலும் வெப்பமாகப் பரவிவிடும். ஒரு துளி ஆற்றலும் தொலையவில்லை. இது முதல் விதி. இந்த விதிக்குத் திசை தெரியாது. நகரத்தார் கடைகளில் ஐந்தொகை போடுவார்களே, இரண்டு பக்கமும் நேராகிவிட்டது என்பதை மட்டும் வைத்து எந்தப் பற்று முதலில் நடந்தது என்று சொல்ல முடியாதல்லவா, அது மாதிரி. தரையின் வெப்பம் 147 ஜூலைத் திரட்டிக் கொடுத்து, செங்கல் துள்ளி எழுந்து பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாலும் முதல் விதிக்கு ஆட்சேபம் கிடையாது.

ஆட்சேபம் சொல்வது இரண்டாம் விதி. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ நீராவி எந்திரங்களைப் பற்றி யோசித்தபோது அதன் விதை விழுந்தது. 1865-இல் ருடால்ஃப் கிளாசியஸ் என்ட்ரோபி என்ற அளவைப் பெயரிட்டு நிறுத்தினார். தனித்து விடப்பட்ட ஓர் அமைப்பில் அது குறையாது. கணக்கு எளிது. பரவிய வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்க வேண்டும். முற்றம் 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில் இருந்தால் 147-ஐ 300-ஆல் வகுக்கிறோம். கெல்வினுக்கு அரை ஜூல் கூடியிருக்கிறது. பார்க்க அற்பமான எண்.

இந்த அற்ப எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டியவர் வியன்னாக்காரர் லுட்விக் போல்ட்ஸ்மன். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒரு பொருளுக்குள் அணுக்கள் எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்று எண்ணுங்கள். அந்த எண்ணின் மடக்கையை (லாகரிதம்) ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவதுதான் என்ட்ரோபி என்றார். நம் செங்கல் தந்த அரை ஜூலை இன்று அவர் பெயரில் இருக்கும் அந்த மாறிலியால் வகுத்தால், அணுக்களின் சாத்திய அமைப்புகள் எத்தனை மடங்கு பெருகின என்று தெரியும். அந்த மடங்கை முழுதாக எழுதினால் அதில் ஏறத்தாழ 15,000,000,000,000,000,000,000 இலக்கங்கள் இருக்கும். எண்ணின் மதிப்பைச் சொல்லவில்லை, இலக்கங்களின் எண்ணிக்கையே அவ்வளவு.

இப்போது ஒழுங்கின்மைப் பேச்சுக்கு வருவோம். 1000 செங்கல் உள்ள சுவரை எடுத்துக்கொண்டு, கற்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் எத்தனை வழிகள்? 2568 இலக்கங்கள் உள்ள ஓர் எண். சிதறிய குவியலில் கல் கிடக்கும் கோணம், இடம் என்று இன்னும் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஒரு கல் விழுந்த வெப்பத்தின் பக்கத்தில் சுவர் முழுவதும் குலைந்துபோனது தூசிகூட இல்லை. நம் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரிவதும் என்ட்ரோபியும் ஒன்றல்ல. நடுக்கட்டில் பாத்திரம் பண்டம் இறைந்து கிடப்பதைக் காட்டி இரண்டாம் விதியை விளக்கும் வழக்கத்தை நம் பாடப் புத்தகங்கள் இனியாவது விட்டுவிடலாம்.

இரும்பு துருப்பிடிப்பது இன்னும் நல்ல உதாரணம். காரைக்குடியில் சிக்ரி என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. உலோக அரிமானம் அங்கே நெடுங்காலமாக நடக்கும் ஆய்வு. இரும்பு துருவாகும்போது என்ட்ரோபி கூடுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். இரும்பையும் ஆக்சிஜனையும் மட்டும் பார்த்தால் குறைகிறது! காற்றில் தன்னிஷ்டப்படி பறந்துகொண்டிருந்த ஆக்சிஜன் ஒரு திடப்பொருளுக்குள் போய்க் கட்டுண்டுவிடுகிறதே. 4 மோல் இரும்பும் 3 மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பு ஆக்சைடு ஆனால், அந்தப் பொருள்களின் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 550 ஜூல் இறங்குகிறது. ஆனால் வினை வெளிவிடும் வெப்பம் சுமார் 1648 கிலோ ஜூல். அது சுற்றுப்புறத்தில் பரவும்போது அங்கே சுமார் 5500 ஜூல் ஏறிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் ஏற்றம்தான். நீரும் சேர்ந்த நிஜத் துருவில் எண்கள் சற்று மாறும், முடிவு மாறாது.

அதே வீட்டின் சுவரில் கண்ணாடிபோல் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சைப் பாருங்கள். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு. நூறு ஆண்டு தாண்டியும் கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அது இறுகுவது எப்படி? நீர்த்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. இங்கேயும் ஒரு வாயு திடப்பொருளுக்குள் சிறைப்படுகிறது, வெப்பம் வெளியேறுகிறது, மொத்த என்ட்ரோபி ஏறுகிறது. உத்தரத்து இரும்பைத் தின்னும் விதியும் சுவரை இறுக்கும் விதியும் ஒன்றேதான். வீடு இடிவதை மட்டும் என்ட்ரோபியின் தலையில் கட்டிவிட்டு, கட்டியதற்கான புண்ணியத்தைக் கொத்தனாருக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

சரி, திசைக்கு வருவோம். 1872-இல் போல்ட்ஸ்மன் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதை மட்டும் வைத்து, வாயுவின் என்ட்ரோபி ஏறியே தீரும் என்று நிறுவிவிட்டதாக நினைத்தார். அவருடைய நண்பரும் வியன்னாவில் உடன் பணிபுரிந்தவருமான யோசஃப் லோஷ்மிட் 1876-இல் ஒரு எளிய கேள்வி கேட்டார். நியூட்டனின் இயக்கவிதிகளில் காலத்தைத் திருப்பிப் போட்டாலும் அவை அப்படியே செல்லும். ஒரு கணத்தில் எல்லா மூலக்கூறுகளின் வேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பினால், என்ட்ரோபி ஏறிய அதே பாதையில் இறங்கி வருமே? திசையில்லாத விதிகளிலிருந்து திசையுள்ள முடிவு எப்படி வந்தது? நடுவில் எங்கோ திசையை நீங்களே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அது சரியான குற்றச்சாட்டு. மோதப்போகும் மூலக்கூறுகளின் வேகங்களுக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று போல்ட்ஸ்மன் வைத்திருந்தார். மோதி முடித்தவற்றுக்கு அப்படி வைக்கவில்லை. திசை அங்கே நுழைந்துவிட்டது.

1877-இல் போல்ட்ஸ்மன் கொடுத்த பதில்தான் இன்றுவரை நிற்பது. என்ட்ரோபி ஏறியே தீரும் என்பதில்லை, ஏறுவதற்கான வழிகள் கணக்கற்றவை, இறங்குவதற்கான வழிகள் அவற்றுக்கு முன்னால் இல்லாததற்குச் சமம். செங்கல் எழுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. மேலே சொன்ன 21 சுழியம் கொண்ட இலக்கக் கணக்குதான் தடை.

அப்புறம் 1896-இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். எல்லைக்குள் அடைபட்ட எந்த அமைப்பும் போதுமான காலம் விட்டால் தொடங்கிய நிலைக்கு மிக அருகே திரும்பி வரும் என்று 1890-இல் ஆன்ரி புவான்கரே நிறுவியிருந்தார். அப்படியானால் என்ட்ரோபியும் என்றாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? ஆமாம், ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்பதுதான் போல்ட்ஸ்மனின் பதிலின் சாரம்.

எவ்வளவு நேரம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான அட்டவணை ஒரு தமிழர் தந்தது. சுப்ரமணியன் சந்திரசேகர் 1943-இல் எழுதிய ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையில், போலந்து இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கியின் வழியைப் பின்பற்றி இதைக் கணக்கிட்டிருக்கிறார். சாதாரணக் காற்றில் ஒரு கோளத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் மூலக்கூறுகளின் அடர்த்தி சராசரியிலிருந்து 1 சதவீதம் விலகியிருக்கும் நிலை மறுபடி வர எவ்வளவு காலம் ஆகும்? கோளத்தின் ஆரம் கால் மைக்ரோமீட்டர் என்றால் ஒரு வினாடி. 0.3 மைக்ரோமீட்டர் என்றால் பத்து லட்சம் வினாடி, அதாவது பன்னிரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. அரை மைக்ரோமீட்டர் என்றால் 1-க்குப் பின்னால் 68 சுழியம் போட்ட அத்தனை வினாடி. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. அதை வினாடியில் எழுதினால் 18 இலக்கம்தான் வரும். ஆரம் ஒரு சென்டிமீட்டர் என்றால் காத்திருக்க வேண்டிய வினாடிகளை எழுதவே 1-க்குப் பின்னால் நூறு லட்சம் கோடி சுழியங்கள் போட வேண்டும். அதே காற்று, அதே விதிகள். கண்ணுக்குத் தெரியாத அளவில் என்ட்ரோபி ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பெரிதாகப் பார்த்ததும் ஒருவழிப்பாதை ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, நம் முன்னோர் சொன்ன யுகச் சுழற்சிதான் இது" என்பார். அப்படி இல்லை. புவான்கரேயின் தேற்றம் எல்லைக்குள் அடைபட்ட, வெளியுலகத் தொடர்பற்ற அமைப்புக்குத்தான் பொருந்தும். விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்துக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. யுகங்களை அவற்றின் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் யுகங்களுக்கும் மரியாதை.

போல்ட்ஸ்மனின் எண்ணிக்கை வாதம் வெற்றி பெற்றுவிட்டதாகப் பல புத்தகங்கள் இங்கே நிறுத்திவிடும். ஆனால் சிக்கலே இனிமேல்தான்.

நம் செங்கல் விழுந்து சில நொடிகள் ஆகின்றன. தரை டிகிரியில் நூறில் சில பங்கு சூடாக இருக்கிறது. இனி என்ன ஆகும்? வெப்பம் பரவும். ஏன்? இப்போதுள்ள நிலைக்குப் பொருந்தும் அணு அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை அதிக என்ட்ரோபியை நோக்கிப் போகும். நல்லது. இப்போது அதே கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். இயக்கவிதிகளுக்குத் திசை கிடையாது, எண்ணிக்கைக்கும் கிடையாது. இப்போதுள்ள நிலைக்குப் பொருந்தும் அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை நேற்றும் அதிக என்ட்ரோபியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று விடை வரும். அதாவது செங்கல் மேலிருந்து விழவேயில்லை. பரவிக் கிடந்த வெப்பம் தற்செயலாக இங்கே வந்து திரண்டு தரையைச் சூடாக்கியிருக்கிறது என்று கணக்கு சொல்கிறது!

இன்னும் பெரிதாகப் பாருங்கள். பாதி இடிந்த ஒரு வீடு. நாளை இன்னும் இடியும் என்று சொன்ன அதே வாதம், நேற்று இந்த வீடு முழுதாக இருந்ததில்லை, மண்ணும் புழுதியும் தற்செயலாகத் திரண்டுதான் பாதி வீடாக நிற்கிறது என்றும் சொல்கிறது. முகப்பில் தொங்கும் பழைய கல்யாணப் படம்? அதுவும் தற்செயல். பெட்டகத்தில் இருக்கும் மொய் நோட்டு, ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டு? மையும் காகிதமும் அப்படித் திரண்டுகொண்டதால் வந்தவை. "சின்ன வயதில் இந்த வீட்டில் ஓடியாடினேன்" என்று ஓர் ஆச்சி சொன்னால் அந்த நினைவும் அப்படியே. அபத்தம் என்று தெரிகிறது, ஆனால் கணக்கில் எங்கே பிழை என்று காட்ட முடியவில்லை, ஏனென்றால் பிழை இல்லை. இதை மட்டும் நம்பினால் போல்ட்ஸ்மனின் கட்டுரைகளும் தற்செயலாகத் தோன்றியவை ஆகிவிடும்; அப்புறம் இந்தக் கணக்கை நம்புவதற்கே ஆதாரம் இருக்காது. தான் ஏறி நிற்கும் கிளையைத் தானே வெட்டும் வாதம்.

எனவே இரண்டாம் விதியை வைத்து நாளையைச் சொல்லலாம், நேற்றைச் சொல்ல முடியாது. நேற்றைச் சொல்ல வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். ஆதியில், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில், என்ட்ரோபி மிகமிகக் குறைவாக இருந்தது என்று தனியாக ஒரு கூற்றை வைக்க வேண்டும். தத்துவவாதி டேவிட் ஆல்பர்ட் 2000-இல் இதற்குக் கடந்தகாலக் கருதுகோள் என்று பெயர் வைத்தார். கருத்து அதைவிடப் பழையது. போல்ட்ஸ்மனே இதன் அருகில் வந்திருந்தார். இதைச் சேர்த்ததும் எல்லாம் இடத்தில் வந்து உட்காருகிறது. செங்கல் மேலிருந்து விழுந்தது. வீடு முழுதாக இருந்தது. மொய் நோட்டு உண்மையைச் சொல்கிறது. நேற்றைப் பற்றிய பதிவுகள் கைவசம் இருந்தும் நாளையைப் பற்றிய பதிவுகள் ஏன் இல்லை என்ற பழைய கேள்விக்கும் இதே பக்கத்திலிருந்துதான் பதில் வருகிறது. பதிவை வாசிப்பது என்றாலே, எழுதுவதற்கு முன் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது என்று ஏற்பது. அந்த வெறும் பக்கத்துக்கு முன்னால் இன்னொரு குறைந்த என்ட்ரோபி நிலை, அதற்கும் முன்னால் இன்னொன்று என்று போனால், கடைசியில் பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் போய் நிற்போம்.

அந்தத் தொடக்கத்தைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். 1965-இல் பென்சியாசும் வில்சனும் கண்டுபிடித்ததாக அறிவித்த பின்னணிக் கதிர்வீச்சு, பிரபஞ்சம் சுமார் 3,80,000 ஆண்டு வயதில் இருந்தபோதுள்ள படம். எங்கு பார்த்தாலும் ஒரே வெப்பநிலை. லட்சத்தில் ஒரு பங்குதான் ஏற்ற இறக்கம். இப்படிச் சீராகப் பரவிக் கிடப்பது அதிக என்ட்ரோபி அல்லவா என்று உடனே கேட்கத் தோன்றும். ஒரு அறைக்குள் அடைத்த காற்றுக்கு அது சரி. ஈர்ப்புவிசை மேலோங்கும் இடத்தில் கதை தலைகீழ். அங்கே பொருள் ஓரிடத்தில் திரளத் திரள என்ட்ரோபி ஏறுகிறது. கருந்துளை அதன் உச்சம். ஆகவே சீராகப் பரவிய அந்தத் தொடக்கம்தான் அபூர்வமான நிலை. எவ்வளவு அபூர்வம் என்று ரோஜர் பென்ரோஸ் கணக்கிட்டார். ஒன்றைக் கீழே எவ்வளவால் வகுக்க வேண்டும் என்றால், 1-க்குப் பின்னால் சுழியங்கள். அந்தச் சுழியங்களின் எண்ணிக்கையே 1-க்குப் பின்னால் 123 சுழியம் கொண்ட எண்.

திரண்டதன் பலன்தான் சூரியன். காரைக்குடி வெயிலில் மொட்டை மாடியில் வற்றல் காய்வதற்கும் பர்மாக் காட்டில் தேக்கு வளர்ந்ததற்கும் சூரிய ஆற்றல் காரணம் என்பது அரை உண்மை. பூமி வாங்கும் ஆற்றலை ஏறத்தாழ அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. வாங்குவது 5800 கெல்வின் சூட்டிலிருந்து வரும் ஒளித்துகள்களாக. திருப்புவது அகச்சிவப்பில், வாங்கிய ஒவ்வொரு துகளுக்கும் சுமார் இருபது துகளாக. ஆற்றலில் மிச்சம் பிடிப்பதில்லை, குறைந்த என்ட்ரோபியில் பிழைக்கிறோம். இருண்ட வானத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் சூடாக இருப்பதால் நெல் விளைகிறது, செங்கல் சூளையும் எரிகிறது.

துகள் இயற்பியலில், காலத்தைத் திருப்பிப் போட்டால் அப்படியே செல்லாத அபூர்வ நிகழ்வு உண்டு என்பதையும் சொல்லிவிடலாம். 1998-இல் செர்ன் ஆய்வகத்தில் கேயான் துகள்களில் அது நேரடியாக அளக்கப்பட்டது. செங்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது சண்டை நடக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த ஆதி நிலைக்கு விளக்கம் தேவையா? தத்துவவாதி ஹியூ பிரைஸ் தேவை என்கிறார். இவ்வளவு அபூர்வமான ஒன்று பிரபஞ்சத்தின் இறுதியில் இருந்திருந்தால் காரணம் கேட்டிருப்போம். தொடக்கத்தில் இருப்பதால் மட்டும் கேட்காமல் விடுவது நாம் காலத்துக்குக் காட்டும் பாரபட்சம் என்பது அவர் கட்சி. இன்னொரு தத்துவவாதி கிரெய்க் காலெண்டர், பிரபஞ்சம் ஒன்றே ஒன்றுதான், அதன் தொடக்கத்தை எதோடு ஒப்பிட்டு அபூர்வம் என்கிறீர்கள், எங்காவது ஓரிடத்தில் "இது இப்படித்தான்" என்று நிறுத்தத்தானே வேண்டும் என்கிறார். ஆல்பர்ட் இதை ஓர் இயற்கை விதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார். ஜான் இயர்மன் 2006-இல் இவர்கள் எல்லோர் காலடியிலும் கை வைத்தார். ஈர்ப்போடு சேர்ந்த முழுப் பிரபஞ்சத்துக்கு என்ட்ரோபி என்று ஒரு அளவை ஒழுங்காக வரையறுக்கவே நமக்குத் தெரியாதபோது, அது குறைவு என்று சொல்வதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

நான் பிரைஸ் பக்கம் சாய்கிறேன். இது இப்படித்தான் என்று நிறுத்துவது சில கேள்விகளுக்குச் சரி. ஆனால் நம் நினைவு, பதிவு, காரணகாரியம் அத்தனையும் தொங்கும் ஓர் ஆணியைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இயர்மனின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிரைஸை முழுதாக ஏற்கவும் முடியாது. ஈர்ப்பின் என்ட்ரோபியை இன்று உறுதியாக எண்ணத் தெரிந்த இடம் கருந்துளை ஒன்றுதான். 1970-களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் தந்த சூத்திரப்படி அது கருந்துளையின் பரப்பளவுக்கேற்பக் கூடுகிறது. பென்ரோஸின் அந்த ராட்சத எண்ணும் இந்தச் சூத்திரத்திலிருந்து வந்ததே. கருந்துளை ஆகாத, சாதாரணமாகக் கொஞ்சம் திரண்டும் கொஞ்சம் பரவியும் கிடக்கும் பொருளுக்கு அப்படியொரு ஒப்புக்கொள்ளப்பட்ட சூத்திரம் இல்லை. ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் சேர்த்து எழுதத் தெரிந்த பிறகுதான் அது வரும். அது வரும்வரை கடந்தகாலக் கருதுகோளின் இரு பக்கத்து வழக்கறிஞர்களும் பாதி ஆவணத்தோடுதான் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.